கொக்குகளும் சிந்திய நெல்லும்

அன்புள்ள அண்ணா,

கொரிய எல்லையைப் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். இரண்டு பக்கமும் ராணுவம், நடுவில் கண்ணிவெடி, எழுபது வருஷமாக மனிதக் காலடி படாத காடு. மனிதன் விலகினால் போதும், இயற்கை தானே திரும்பிவிடும் என்று தோன்றியது. நம் காடுகளையும் இப்படி வேலி போட்டு, துப்பாக்கியோடு ஆள் நிறுத்தி அடைத்துவிட்டால் என்ன?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

1953 ஜூலையில் போர்நிறுத்தம் வந்தபோது இரு படைகளும் ஆளுக்கு 2 கிலோமீட்டர் பின்வாங்க, நடுவில் மிஞ்சிய பட்டை அது, நீளம் ஏறக்குறைய 250 கிலோமீட்டர். கஸ்தூரி மான் இருக்கிறது, கரடிகூட கேமராவில் சிக்கியிருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் காலடி படாத காடு என்பதுதான் இடிக்கிறது. அதில் பல இடங்கள் போருக்கு முன் ஊரும் வயலுமாக இருந்தவை. கைவிட்ட வயல்தான் சதுப்பாகிக் கிடக்கிறது. காவல்காரர்களின் பார்வையை மறைக்கிறதென்று புதரை வெட்டுகிறார்கள், தீ வைத்ததும் உண்டு. கண்ணிவெடிக்கு மான் என்றும் மனிதன் என்றும் தெரியாது.

அப்புறம் அந்தக் கொக்குகள். உச்சந்தலை சிவந்த, ஆள் உயரக் கொக்குகள் காணொளியில் கட்டாயம் வந்திருக்கும். அவை குளிர்காலத்தில் மேய்வது பெரும்பாலும் அந்தப் பட்டைக்குத் தெற்கே, சொர்வொன் வயல்வெளியில். சோதனைச்சாவடியில் அனுமதி வாங்கி உள்ளே போய் விவசாயிகள் நெல் போடுகிற பூமி; அறுப்பில் சிந்திய மணிதான் கொக்குக்குச் சாப்பாடு. முன்பு வடக்கே அன்பியோன் சமவெளியிலும் நிறையத் தங்கின. தொண்ணூறுகளில் வடகொரியாவில் பஞ்சம் வந்தது, சிந்தியதையும் ஜனங்கள் பொறுக்க வேண்டியதாயிற்று, கொக்குகள் அங்கே தங்குவதை விட்டுவிட்டன. வேலியும் துப்பாக்கியும் அப்போதும் இருந்த இடத்தில்தான் இருந்தன.

இப்போது சொர்வொனில் வேறு கவலை: வைக்கோலை மாட்டுத் தீவனத்துக்காக உருட்டிக் கட்டிக்கொண்டு போனால் அதோடு மணியும் போய்விடுகிறது. அதனால் வைக்கோலை வயலிலேயே விட்டுவைக்கவும், குளிர்காலத்தில் தண்ணீர் கட்டி நிறுத்தவும் விவசாயிகளுக்குக் காசு கொடுக்கிறார்கள். நீங்கள் சொல்கிற மாதிரி அடைத்தால் முதலில் வெளியே நிற்கப்போவது இவர்கள்தான், அப்புறம் யார் நெல் போடுவது?

காணொளியை இன்னொரு தடவை ஓட்டி, கொக்குகள் நிற்கிற தரையைப் பாருங்கள். வரிசையாக அறுத்த நெல் தாள் தெரியும்.