சபா போக சேமநிதியில் கை வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. வயது 29. செந்தூலில் அம்மாவோடு இருக்கிறேன். கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் மூன்று வருடமாக வேலை. சம்பளம் 4,000 வெள்ளி (ரிங்கிட்), பிடித்தம் போக 3,500 சொச்சம். வீட்டுச் செலவு, கார் தவணை, காப்புறுதி எல்லாம் போய் மாதம் 500 மிஞ்சும். கூட வேலை செய்கிறவர்கள் பாலி, பேங்காக் என்று பறக்கிறார்கள். எனக்கு நம் நாட்டையே ஒழுங்காகச் சுற்றிப் பார்க்க ஆசை. போன பள்ளி விடுமுறையில் லங்காவி போய் வந்ததில் கிரெடிட் கார்டில் 2,400 வெள்ளி பாக்கி. மாதா மாதம் குறைந்தபட்சத் தொகையான 120 மட்டும் கட்டுகிறேன் (500 மிஞ்சுவது அதுவும் போகத்தான்). வருடக் கடைசியில் சபா போக நினைக்கிறேன். சேமநிதியில் (இபிஎஃப்), எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கில் 1,500 இருக்கிறது, எடுக்கலாமா? மிச்ச லீவை ஆபிசில் காசாக்கித் தருவார்கள். அதை விற்று டிக்கெட் வாங்கலாமா?

பதில்: லீவை விற்காதீர்கள். சம்பளத்தை 26ஆல் வகுத்துப் பாருங்கள், ஒரு நாள் லீவின் விலை 154 வெள்ளி. அதை வாங்கிக்கொண்டு எப்போது ஊர் சுற்றுவீர்கள்? சனிக்கிழமைதான், இல்லையென்றால் நாடே நெடுஞ்சாலையில் நிற்கும் நீண்ட விடுமுறையில்தான். அந்த இரவுகளில் ஹோட்டல்காரன் சொன்னதுதான் விலை. லங்காவியில் நடந்தது அதுதானே?

முதலில் கார்டு. இங்கே வட்டி வருடத்துக்கு 15 முதல் 18 விழுக்காடு. 18 என்றே வைத்துக்கொள்வோம், இந்த மாதம் நீங்கள் கட்டும் 120இல் 36 வெள்ளி வட்டிக்கே போகிறது. பாக்கி நிற்கும்போது அதே கார்டில் புதிதாக எதை வாங்கினாலும் வட்டியில்லாத அவகாசமும் கிடைக்காது. மிஞ்சும் 500இல் 300ஐ இதில் சேர்த்து மாதம் 420 கட்டுங்கள். ஆறு மாதத்தில் கடன் ஏறக்குறைய தீரும், மொத்த வட்டி 130 வெள்ளிக்குள் அடங்கும். மீதி 200 பயணத்துக்கு. அது சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்குக்குப் போய்விட வேண்டும்.

அடுத்து சேமநிதி. கணக்கு தெரிந்தவர் என்பதால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அந்த 1,500ஐ எடுத்துக் கார்டை அடைத்தால் ஏறக்குறைய 100 வெள்ளி வட்டி மிச்சமாகும். இருந்தும் வேண்டாம் என்பேன். அவசரச் சேமிப்பு பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை, இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். நாளைக்கே கார் நடுரோட்டில் நின்றால் கைகொடுக்கப் போவது அந்தப் பணம் ஒன்றுதான். பயணத்துக்காக எடுப்பதோ இன்னும் மோசம். உங்கள் 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்ந்து மாதம் 960 வெள்ளி. அதில் பத்தில் ஒரு பங்கு, 96 வெள்ளி, மூன்றாவது கணக்குக்குப் போகிறது. சம்பளம் ஏறவே ஏறாது, லாப ஈவு 5.5 விழுக்காடு என்று வைத்தாலும், கை வைக்காமல் இருந்தால் 55 வயதில் அது 63,000 வெள்ளியைத் தொடும். அவ்வப்போது எடுத்துச் செலவழித்தால் மொத்தம் கைக்கு வருவது 30,000தான்.

இப்போது லீவுக்கு வருவோம். பட்ஜெட் போட வேண்டியது இங்கேதான். இரண்டு வருடம் தாண்டிய, ஐந்தாகாத ஊழியருக்குச் சட்டப்படி வருடம் 12 நாள். தீபாவளிக்கு 2, சபாவுக்கு 5 ஒதுக்குங்கள். மீதி ஐந்தையும் திங்கட்கிழமைகளாக எடுங்கள். ஞாயிறு காலை கிளம்பி திங்கள் இரவு திரும்பலாம். ஊரே திரும்பி வரும்போது நீங்கள் எதிர்த்திசையில் போவீர்கள், ஞாயிறு இரவு அறை வாடகையும் சனியைவிட இறங்கியிருக்கும். திங்களன்று மூடியிருக்கும் கடைகளும் கண்காட்சிகளும் உண்டு, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கெடா, கிளந்தான், திரெங்கானுவில் வெள்ளி, சனிதான் வார விடுமுறை. அங்கே ஞாயிறு வேலை நாள், இன்னும் வசதி.

உங்கள் ஆபிஸ் கோலாலம்பூரில் இருப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. பிப்ரவரி 1, கூட்டரசுப் பிரதேச தினம், கோலாலம்பூர், புத்ராஜெயா, லாபுவானுக்கு மட்டும் விடுமுறை. பினாங்கிலும் பேராக்கிலும் அன்று எல்லோரும் வேலைக்குப் போவார்கள். (பக்கத்தில் பெட்டாலிங் ஜெயாவில் வேலை செய்கிறவர்களுக்கும் இது கிடையாது, அது சிலாங்கூர்.) 2027இல் அந்த நாள் திங்கட்கிழமையில் வருகிறது. லீவில் ஒன்றுகூடக் குறையாமல் ஜார்ஜ்டவுன் போய் வரலாம்.

200 வெள்ளியில் என்ன பார்ப்பது என்கிறீர்களா? பேராக்கின் பத்து காஜாவில் இடிஎஸ் மின்ரயில் நிற்கும். கெல்லி மாளிகைக்கு அருகிலேயே மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதன் கூரையில் சாமி சிலைகளுக்கு நடுவே கோட்டும் தொப்பியுமாக ஒரு வெள்ளைக்காரர் நிற்பார். மாளிகையைக் கட்டிய கெல்லி ஸ்மித்தான் அவர். கட்டுமான வேலைக்கு மெட்ராஸிலிருந்து வந்த நம் ஆட்களுக்காக எழுந்த கோயில் அது. தைப்பிங்கில் இறங்கினால் ஏரிப் பூங்கா, அங்கிருந்து கோல செபெத்தாங். 1885இல் நாட்டின் முதல் ரயில் ஓடிய தடத்தின் முனை. தண்டவாளம் போய்விட்டது, ஊரின் பழைய பெயரான ‘போர்ட் வெல்ட்’ என்று தமிழிலும் எழுதிய பெயர்ப்பலகை மட்டும் கடைகளுக்கு நடுவே நிற்கிறது. சுங்கை பட்டாணி வரை போனால் பூஜாங் பள்ளத்தாக்கு. பாடப்புத்தகத்தில் படித்த கடாரம் அங்கே கல்லாகக் கிடக்கிறது. இவை எதற்கும் கடன் வாங்க வேண்டியதில்லை.

சபாவை வருடக் கடைசியில் வைக்காதீர்கள். பள்ளி விடுமுறை விலை, மழை வேறு. கார்டு தீர்ந்ததும் மாதம் 620 கையில் நிற்கும். 300 சபாவுக்கு, 320 அவசரச் சேமிப்புக்கு. ஆறு மாதத்தில் 1,800 சேரும். மார்ச், ஏப்ரலில், நோன்புப் பெருநாள் வாரத்தைத் தவிர்த்துப் போனால் கோத்தா கினபாலுவில் மழையும் குறைவு. கினபாலு மலை ஏறும் எண்ணம் இருந்தால் அது தனிக் கணக்கு: அனுமதி, கட்டாய வழிகாட்டி, மலைமேல் ஓர் இரவுத் தங்கல் எல்லாம் சேர்ந்து இந்த 1,800இல் பெரும்பங்கை விழுங்கிவிடும். முதல் தடவை அடிவாரத்தில் நின்று பாருங்கள்.

திங்கட்கிழமை லீவு விண்ணப்பங்களை இப்போதே கொடுத்துவிடுங்கள். மாத முதல் வாரத்திலோ வருடக் கணக்கு முடிக்கும் நேரத்திலோ கேட்டால் கணக்குப் பிரிவில் யாரும் விடமாட்டார்கள், அது உங்களுக்கே தெரியும்.