டாஸ்க்குக்குள் சிக்கிய பிழை

கேள்வி: பைத்தானில் அசிங்க்ஐஓ (பல வேலைகளை ஒரே சமயத்தில் மாறி மாறி ஓட்டும் லைப்ரரி) வைத்து, தினமும் இரவில் 200 பக்கங்களை இறக்கி விலைப்பட்டியல் எடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதியிருக்கிறேன். எல்லா ஃபங்ஷனிலும் பிழையைப் பிடிக்கும் ட்ரை, எக்ஸெப்ட் இருக்கிறது. ஆனாலும் சில நாள் 170 வரிதான் வருகிறது, பிழைச் செய்தி ஒன்றுமே இல்லை. நிரலை இணைத்திருக்கிறேன். இவ்வளவு ட்ரை எழுதாமல் எளிதாக்க வழி உண்டா?

பதில்: நிரலைப் படித்தேன். அந்த 30 வரிகள் தொலைந்ததற்குக் காரணமே நீங்கள் போட்ட ட்ரைகள்தான். பக்கத்தை இறக்கும் ஃபங்ஷனில் கிட்டத்தட்ட எல்லாப் பிழையையும் பிடிக்கும் ‘எக்ஸெப்ட் எக்ஸெப்ஷன்’ என்று எழுதி, கீழே வெறும் ரிட்டர்ன் போட்டிருக்கிறீர்கள். அங்கே வந்த பிழை அங்கேயே செத்துவிட்டது. அதையும் தாண்டி மேலே வந்தவற்றை கேதர் (பல டாஸ்க்குகளை, அதாவது தனித்தனி வேலைகளை, ஒன்றாக ஓட்டி விடைகளை ஒரே லிஸ்டாகத் தரும் ஃபங்ஷன்) பிடிக்கிறது, ஆனால் அதற்கு ‘ரிட்டர்ன் எக்ஸெப்ஷன்ஸ்’ என்பதை ட்ரூ என்று கொடுத்ததால் பிழைகளும் சாதாரண விடைகளைப் போலவே லிஸ்டில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அடுத்த வரியில் ‘டிக்‌ஷனரியாக இருப்பதை மட்டும் எடு’ என்று வடிகட்டுகிறீர்கள். பிழை டிக்‌ஷனரி இல்லையே, அதனால் சத்தமில்லாமல் கழிந்துபோகிறது. 

சரி, அந்த ட்ரூவை எடுத்துவிட்டால் போதுமா என்றால், போதாது. முதல் பிழை வந்த உடனே கேதர் அதை உங்களிடம் தந்துவிடும், ஆனால் மற்ற டாஸ்க்குகளை நிறுத்தாது, அவை பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அவற்றில் அப்புறம் எது உடைந்தாலும் உங்கள் காதுக்கு வராது. கிரியேட் டாஸ்க் போட்டு ஒரு டாஸ்க்கைத் தொடங்கி, அது முடியும்வரை அவெய்ட் செய்யாமல் (காத்திருக்காமல்) விட்டால் இன்னும் மோசம். பிழை அந்த டாஸ்க் ஆப்ஜெக்டுக்குள்ளேயே சிக்கிக் கிடக்கும், அந்த ஆப்ஜெக்டை பைத்தான் நினைவகத்திலிருந்து அகற்றும்போதுதான் ‘இந்தப் பிழையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை’ என்று லாகில் ஒரு வரி விழும். நானும் ஒருமுறை டாஸ்க்குகளை ஒரு லிஸ்டில் சேர்த்து வைத்திருந்தேன். லிஸ்ட் உயிரோடு இருந்ததால் அவை அகற்றப்படவே இல்லை, அந்த வரியும் வரவில்லை. பகல் முழுக்க ஓடிய நிரலை மாலையில் நிறுத்திய பிறகுதான் காலையில் நடந்த பிழை தெரிந்தது.

இதற்கு பைத்தான் 3.11-இல் டாஸ்க்குரூப் வந்தது, 2022 அக்டோபரில். ட்ரியோ என்ற லைப்ரரியில் நர்சரி என்ற பெயரில் ஏற்கெனவே இருந்த யோசனைதான். ‘அசிங்க் வித்’ போட்டு ஒரு குரூப்பைத் திறந்து, டாஸ்க்குகளை அதற்குள் தொடங்குகிறீர்கள்; எல்லாம் முடியாமல் அந்தப் பிளாக்கை விட்டு வெளியே வர முடியாது. ஒன்று உடைந்தால் மீதியைக் கேன்சல் செய்து, அவை நிற்கும்வரை காத்திருந்து, வந்த பிழைகளையெல்லாம் ஒரே எக்ஸெப்ஷன்குரூப்பாகக் கட்டி மேலே அனுப்பும். இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள்: பிழை ஒன்றே ஒன்று என்றாலும் கட்டாகத்தான் வரும், எனவே ‘எக்ஸெப்ட் வேல்யூஎரர்’ அதைப் பிடிக்காது, நட்சத்திரக் குறி போட்ட எக்ஸெப்ட்தான் வேண்டும். அந்த நட்சத்திர எக்ஸெப்ட் பிளாக்குக்குள் ரிட்டர்ன், பிரேக், கன்டினியூ எழுத முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆனால் உங்களுக்கு ஒரு பக்கம் வரவில்லை என்பதற்காக மற்ற 199-ம் நிற்கக் கூடாது. அதனால் ஒரு பக்கத்தை இறக்கும் ஃபங்ஷனில் மட்டும் ஒரே ஒரு ட்ரை வையுங்கள், அதில் டைம்அவுட்டையும் நெட்வொர்க் பிழையையும் மட்டும் பெயர் சொல்லிப் பிடியுங்கள், பிடித்ததை முகவரியோடு ‘தோல்வி’ என்ற லிஸ்டில் சேருங்கள். மற்ற ட்ரைகளையெல்லாம் அழித்துவிடலாம், பயப்படாமல் அழியுங்கள். தளத்தின் அமைப்பு மாறி கீஎரர் (தேடிய பெயர் டிக்‌ஷனரியில் இல்லை என்ற பிழை) வந்தால் வேலை முழுவதும் நிற்கட்டும். தப்பான விலைப்பட்டியல் போவதைவிட அன்றைக்குப் பட்டியலே போகாமலிருப்பது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து. கடைசியில் வெற்றி, தோல்வி இரண்டின் எண்ணிக்கையும் சேர்ந்து 200 வருகிறதா என்று ஒரு வரியில் சரிபாருங்கள்.

இன்னொன்று. உங்கள் நிரலில் இரண்டு இடத்தில் பெயரே இல்லாத வெற்று எக்ஸெப்ட் இருக்கிறது. கேன்சல் என்பதும் ஒரு எக்ஸெப்ஷனாகத்தான் டாஸ்க்குக்குள் வருகிறது. 3.8 முதல் ‘எக்ஸெப்ட் எக்ஸெப்ஷன்’ அதைத் தொடாது, ஆனால் வெற்று எக்ஸெப்ட் விழுங்கிவிடும். விழுங்கினால் குரூப் நிற்கச் சொல்லியும் டாஸ்க் நிற்காது. ஃபைலை மூட வேண்டும் என்றால், பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஓடும் ஃபைனலியில் மூடுங்கள்.

கேள்வி: எங்கள் சர்வரில் 3.9-தான் இருக்கிறது, மாற்ற விடமாட்டார்கள். டாஸ்க்குரூப் இல்லாமல் என்ன செய்வது?

பதில்: 3.9-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன, அதைச் சொல்லியே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அதுவரை டாஸ்க்குகளை ஒரு லிஸ்டில் வைத்து கேதருக்குக் கொடுங்கள். பிழை வந்தால் எக்ஸெப்ட் பிளாக்கில் லிஸ்டில் உள்ள ஒவ்வொன்றையும் கேன்சல் செய்து, அதே லிஸ்டை மறுபடி கேதரில் போடுங்கள், இந்த முறை ‘ரிட்டர்ன் எக்ஸெப்ஷன்ஸ்’ ட்ரூவோடு. எல்லாம் நின்ற பிறகு லிஸ்டில் வந்த பிழைகளை லாகில் எழுதிவிட்டு, வெறும் ரெய்ஸ் போட்டு முதல் பிழையை மேலே அனுப்புங்கள். மொத்தமே ஏழெட்டு வரிதான் வரும், தனி ஃபங்ஷனாக எழுதி வைத்துக்கொண்டால் 3.11 வரும் நாளில் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும்.