மாற்றாந்தாய் எப்போது வந்தாள்?

கேள்வி: தேவதைக் கதைகளில் ஆண், பெண் குறித்தும் சமூகப் படிநிலை குறித்தும் பொதிந்திருக்கும் எண்ணங்களை எட்டாம் வகுப்பு மாணவர்களோடு ஆராய விரும்புகிறேன். தொடங்கியதுமே சிலர், ‘கதைதானே டீச்சர்!’ என்கிறார்கள், வேறு சிலர் நான் எதிர்பார்க்கும் விடையை ஊகித்து, ‘பெண்ணடிமைத்தனம்’ என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை

பதில்: எனக்கு இரண்டாவது வகையினரைப் பற்றித்தான் கவலை அதிகம். ‘கதைதானே’ என்பவரோடு மேலும் பேச இடமிருக்கிறது. தீர்ப்பை முன்பே எழுதிவிட்டவருக்கோ கதையைப் படிக்கும் தேவையே இல்லாமல் போய்விடுகிறது.

ஆகவே, கருத்தைச் சொல்லாமல் கதை திருத்தப்பட்ட இடத்தைக் காட்டித் தொடங்குங்கள். ஜெர்மானிய நாட்டார் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் நூலுடைய 1812ஆம் ஆண்டு முதல் பதிப்பில், ஸ்னோ ஒயிட்டைக் கொல்ல ஆளனுப்பும் அரசி அவளைப் பெற்ற தாயேதான். 1819இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆகிறாள். இவ்விரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, ‘பெற்றவளை ஏன் மாற்றினார்கள்?’ என்று மட்டும் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருங்கள் (நம் தொழிலில் இதுதான் கடினம்). தாய் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் திருத்தியவரின் பேனா வழியாகக் கதைக்குள் வந்திருக்கலாம் என்பதை அவர்களே சொல்லக்கூடும்.

அடுத்து, ஸ்னோ ஒயிட்டுக்கு அடைக்கலம் தரும் குள்ளர்களின் நிபந்தனையைப் படிக்கச் சொல்லுங்கள். சமைத்து, படுக்கை விரித்து, துவைத்து, தைத்து, பின்னி, வீட்டைத் துப்புரவாக வைத்திருந்தால் அவள் அங்கே தங்கலாம். இறந்துவிட்டதாக எண்ணிக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்த பிறகோ அவள் பார்க்கப்படுகிறாள், கேட்கப்படுகிறாள், கொடுக்கப்படுகிறாள், சுமந்து செல்லப்படுகிறாள். வினைச்சொற்களை அடிக்கோடிட வைத்தாலே போதும். செயப்பாட்டுவினைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இலக்கண வகுப்பில்கூடக் கிடைக்காது.

சமூகப் படிநிலைக்குச் சிண்ட்ரெல்லா பொருத்தமானது. ஏழைப் பெண் அரசியான கதை என்றுதான் பலரும் அதைச் சொல்கிறோம். ஆனால், 1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் சார்லஸ் பெரோ எழுதிய வடிவில் அவள் தந்தை உயர்குடியைச் சேர்ந்தவர். அவள் ஏறியது புதிய படியா, இழந்த படியா என்று கேளுங்கள். பிறப்பிலேயே வேலைக்காரியான ஒருத்திக்கு இந்தக் கதையில் இடமுண்டா என்றும் கேளுங்கள்.

பேனாவை மூடியவர்களுக்கு மட்டும் ஹான்சல், கிரெட்டல் கதையைக் கொடுங்கள். அண்ணன் அடைபட்டுக் கிடக்க, சூனியக்காரியை அடுப்புக்குள் தள்ளுபவள் தங்கை. கொல்லப்படுபவளும் பெண்தானே என்று யாராவது எழுந்து சொன்னால், அன்றைய பாடவேளை போதாது.