எல்லோரிடமும் கம்ப்யூட்டர் இருக்கும்போது ஒரே செஸ் சாம்பியன் மட்டும் எப்படி ஆண்டுக்கணக்கில் கோலோச்சினார்?

தொடக்க நகர்வுகளை மனப்பாடம் செய்வதில் இன்று யாரும் யாருக்கும் சளைத்தவரில்லை. ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் மென்பொருள் இலவசம். அதனால் ஆட்டத்தின் முதல் 15, 20 நகர்வுகளில் பெரிய வித்தியாசம் வராது. வித்தியாசம் அதற்குப் பிறகுதான்.

2013 முதல் 2023 வரை உலக சாம்பியனாக இருந்த மாக்னஸ் கார்ல்சனைப் பாருங்கள். 2021 துபாய் உலக சாம்பியன்ஷிப்பில் நெபோம்நியாஷியுடன் முதல் ஐந்து ஆட்டங்களும் டிரா. ஆறாவது ஆட்டம் 136 நகர்வுகள், ஏறக்குறைய எட்டு மணி நேரம் இழுத்தது. கடைசியில் கார்ல்சனிடம் ஒரு யானை, ஒரு குதிரை, இரண்டு சிப்பாய்கள். எதிரே தனி ராணி. கம்ப்யூட்டர் அதை நெடுநேரம் டிரா என்றே காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் களைத்துப்போன மனிதன் ஒவ்வொரு நகர்விலும் சரியான பதிலைத் தேடியாக வேண்டுமே! ஒரே ஒரு ராணி நகர்வு பிசகியது, ஆட்டம் போனது. அதோடு நெபோ உடைந்துபோனார், போட்டி 7.5–3.5 என முடிந்தது.

என் கணிப்பில் உடல் தெம்பும் பிடிவாதமும்தான் பாதி. மீதி, வேக ஆட்டத் திறமை. 2018 உலக சாம்பியன்ஷிப்பில் கருவானாவுடன் 12 ஆட்டமும் டிரா ஆனபோது, வெற்றியாளரை முடிவு செய்ய வைத்த வேக ஆட்டங்களில் (ரேபிட் டைபிரேக்) கார்ல்சன் 3–0 என முடித்துவிட்டார். (அந்தப் பன்னிரண்டாவது ஆட்டத்தில் நல்ல நிலையில் இருந்தும் அவரே டிரா கேட்டதைப் பலர் திட்டினார்கள்.)