பதில்: ஏற்றத்தில் கிளச் வழுக்குது, நீலப் புகையும் வருது

ஹட்டனிலிருந்து நுவரெலியா ஏறும்போது சத்தம் கூடுது, கார் இழுக்கல, புகையும் வருது, எஞ்சினை வீட்டிலேயே பிரிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நண்பரே, இது இரண்டு தனித்தனி வருத்தம்: கிளச் வழுக்குவது ஒன்று, எஞ்சின் ஒயில் எரிந்து புகைவது இன்னொன்று. முதலில் புகை.

நீண்ட இறக்கத்தில் கியரில் இறங்கி, மறுபடி அக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் புகை பொங்கினால், வால்வ் வழியே ஒயில் சிலிண்டருக்குள் இறங்காமல் தடுக்கும் வால்வ் சீலைத்தான் சந்தேகப்படுவேன். அதற்கு எஞ்சினை இறக்கவே தேவையில்லை. எதற்கும் கம்ப்ரெஷன் (ஒவ்வொரு சிலிண்டரிலும் ஏறும் அழுத்தம்) பாருங்கள். குறைந்த சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங்கோ போரோ (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கிறது. அப்படியானால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி, போரின் மேல்விளிம்பில் நகம் தடுக்குகிறதா பாருங்கள். தடுக்கினால் புது ரிங் மட்டும் போட்டுக் காசைக் கரியாக்காமல், போரைக் கடைய லேத்துக்குக் கொடுங்கள்.

கிளச்சை வீட்டில் தாராளமாக மாற்றலாம். பிளேட்டில் ஒயில் பட்டிருந்தால் கசியும் சீலையும் மாற்றிவிட்டே மூடுங்கள். அப்புறம், நம்ம பக்க முற்றமெல்லாம் சரிவு. ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்.