காருகுறிச்சியாரோடு ஒரு மாதம்

கேள்வி: பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். யூடியூபில் ஒரு பழைய படப் பாடலைத் தேடியபோது காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் காதில் விழுந்தது. அன்று பிடித்த பித்து இன்னும் விடவில்லை. ஒன்றைத் திறந்தால் பக்கத்தில் பத்து வந்து நிற்கிறது. தூங்க இரவு இரண்டு மணி ஆகிவிடுகிறது. எதையும் முழுதாகக் கேட்பதில்லை. பிறகு கேட்கலாம் என்று சேர்த்துவைத்தவையே நூற்றுக்கு மேல் இருக்கும். எனக்கு ஒரு ராகம்கூடத் தெரியாது. தோழிகள் “கல்யாண வீட்டு மேளம்” என்று சிரிக்கிறார்கள். மதிப்பெண் குறைந்ததால் அப்பா செல்போனை வாங்கிவைத்துவிடுவேன் என்கிறார். சங்கீதம் தெரியாத நான் இதை ரசிக்கலாமா? இனிமேல் கற்றுக்கொள்ள முடியுமா? பெண்கள் நாகஸ்வரம் வாசிக்கிறார்களா? – பெயர் வெளியிட விரும்பாத மாணவி.

பதில்: அன்பு மகளே, உன் கடிதம் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி தந்தது. காருகுறிச்சியார் 1964-இல் மறைந்தார். நாற்பதை எட்டிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இத்தனை காலம் கழித்து, அவருடைய ஊருக்கு ரயிலில் போய்வரும் தொலைவில் ஒரு பெண் அவர் வாசிப்புக்காகத் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிறாள். நாகஸ்வரத்தை நேசிக்கும் எவருக்கும் இது நல்ல சேதி.

ரசிக்கலாமா என்று அனுமதி கேட்காதே. நாகஸ்வரம் கோயில் வீதியில் வளர்ந்த வாத்தியம். சுவாமி புறப்பாட்டின்போது வயலிலிருந்து வந்தவர்களும் கடையை அடைத்துவிட்டு வந்தவர்களும் விடிய விடிய நின்று கேட்டார்கள். அவர்களில் ராகத்தின் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆனால் வாசிப்பு எங்கே உச்சத்துக்குப் போகிறது, எங்கே தொய்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். வருஷா வருஷம் அதே வீதியில் நின்று கேட்ட காது அது. உன்னிடம் ஆசை இருக்கிறது, அந்தத் திரும்பக் கேட்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. குறை அது ஒன்றுதான்.

ஆகவே அந்த நூறையும் ஒரு மாதம் மூடி வை. உன்னை இழுத்துவந்த பாடலையே எடுத்துக்கொள். பாடலின் பெயரை நீ எழுதவில்லை. 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் வாசித்ததாகத்தான் இருக்கும். பெரும்பாலானவர்கள் அந்த வாசல் வழியாகவே அவரிடம் வந்து சேர்கிறார்கள். ராகம் ஆபேரி. தொடங்குவதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் குரலும் நாகஸ்வரமும் அதில் அடுத்தடுத்து வருகின்றன. ஸ்வரங்கள் வரும் பகுதியில் மட்டும் மனதை வை. குரல் தொட்ட இடத்தை நாகஸ்வரம் எப்படித் தொடுகிறது, எங்கே வழுக்கிக்கொண்டு இறங்குகிறது என்று பார். நாலைந்து நாள் கேட்டபின் தியாகராஜரின் ‘நகுமோமு’வை, உனக்குப் பிடித்த யாருடைய குரலில் வேண்டுமானாலும், கேள். அதுவும் ஆபேரிதான். ‘இதை எங்கோ கேட்டிருக்கிறோமே’ என்று ஒரு கணம் தோன்றும். அப்படித் தோன்றிவிட்டால் ராகம் உனக்குப் பிடிபடத் தொடங்கிவிட்டது. இலக்கணம் பின்னால் வரட்டும்.

பழைய பதிவுகளில் பெரும்பாலும் ஒரு புகைப்படம் மட்டும் அசையாமல் நிற்கும். அதனால் இன்று வாசிப்பவர்களின் காணொளி ஒன்றையும் சேர்த்துப் பார். வாத்தியத்திலிருந்து நூலில் கட்டிய சின்னச் சின்ன சீவாளிகள் தொங்குவது தெரியும். சீவாளி என்பது நாணல் தட்டையில் செய்வது; வாயில் வைத்து ஊதும் பகுதி. வாசிப்பின் நடுவே ஒன்றைக் கழற்றி, இன்னொன்றை உதட்டில் நனைத்துச் செருகுவார்கள். ஆச்சா மரத்தில் கடைந்த அந்த நீண்ட குழலில் விசைகள் கிடையாது. விரல் துளையைப் பாதி மூடுவதிலும், உதடு சீவாளியை அழுத்துவதிலும், மூச்சைக் கூட்டிக் குறைப்பதிலும்தான் ஸ்வரங்களை அசைத்துக் குழைக்கும் கமகம் பிறக்கிறது. இதைக் கண்ணால் பார்த்துவிட்டு மறுபடி காருகுறிச்சியாரைக் கேள். அந்தக் குழைவுக்கு எத்தனை உழைப்பு வேண்டும் என்பது புரியும்.

அவருடைய குரு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி ராகம் நீ சேர்த்துவைத்ததில் கட்டாயம் இருக்கும். ஒன்றை மனதில் கொள். அந்தக் காலத்து 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத்தான் பதிய முடியும். மணிக்கணக்கில் ஒரே ராகத்தை விரித்த மனிதர் அந்தச் சின்ன இடத்துக்குள் அடங்கி வாசித்திருக்கிறார். அவ்வளவுதான் அவர் தோடி என்று எண்ணிவிடாதே. இன்னொன்று, இணையத்தில் ஏற்றுகிறவர்கள் எழுதும் பெயரை அப்படியே நம்பாதே. ராகம் மாறியிருக்கும், சில சமயம் வாசித்தவரே மாறியிருப்பார். தட்டையோ நாடாவையோ வேகமாக ஓடவிட்டுப் பிரதி எடுத்திருந்தால் சுருதி ஏறிவிடும், நிதானமான வாசிப்புகூட அவசரமாகக் கேட்கும். ஒரே பதிவு இரண்டு இடங்களில் கிடைத்தால் ஒப்பிட்டுப் பார். கணிதம் படிக்கிற உனக்கு அது பிடிக்கவே செய்யும்.

பெண்கள் வாசிக்கிறார்களா என்றாய். மதுரை எம்.எஸ். பொன்னுத்தாயின் பெயரைக் குறித்துக்கொள். ஆண்கள் மட்டுமே வாசித்த காலத்தில் இந்த வாத்தியத்தை ஏந்திக் கச்சேரி செய்தவர். இன்று காலீஷாபீ மகபூப் தம் கணவர் ஷேக் மகபூப் சுபானியோடு இணைந்து வாசிக்கிறார்; 2020-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

கற்பதைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். நாகஸ்வரக் குடும்பங்களில் பிள்ளைகள் சிறுவயதிலேயே தொடங்கிவிடுவார்கள். மூச்சும் உதடும் பழகப் பல ஆண்டுகள் பிடிக்கும். கல்லூரி வயதில் தொடங்கிக் கச்சேரி அளவுக்கு உயர்வது மிகக் கடினம். ஆனால் வாய்ப்பாட்டு கற்க இது நல்ல வயது. தொடக்கப் பாடங்களான வரிசைகளும் கீதமும் வர்ணமும் தொண்டையில் ஏறினால் காது தானாகத் திறக்கும். நெல்லையில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. வகுப்பு நேரம் கல்லூரிக்கு ஒத்துவருமா என்று நேரில் போய் விசாரி. ஒத்துவராவிட்டால் வாரம் இருமுறை சொல்லித்தரும் ஆசிரியர் ஒருவர் போதும்.

அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்குக் கேட்ட ராக ஆலாபனை காலையில் நினைவில் நிற்காது, பாடமும் நிற்காது. அடுத்த காணொளி தானாக ஓடும் வசதியை நிறுத்திவிடு. மாலையில் அரை மணி நேரம், ஒரே பதிவு, கையில் வேறு வேலை இல்லாமல் கேள். இதை நீயே அப்பாவிடம் சொல். செல்போன் உன்னிடமே இருக்கும்.

தோழிகள் சொன்னதற்கு வருந்தாதே. கல்யாண வீட்டு மேளம்தான் அது. அதில் என்ன இழிவு? இன்றைய கல்யாணங்களில் நாகஸ்வரக்காரர்களை மண்டபத்தின் ஒரு மூலையில் உட்காரவைத்துவிட்டு, நாற்காலிகளை மேடையைப் பார்த்துத் திருப்பிப் போடுகிறார்களே, எனக்குத் தாங்காதது அதுதான். அடுத்த கல்யாணத்தில் தோழிகளை அழைத்துக்கொண்டு போய் நாகஸ்வரக்காரர்களுக்கு எதிரே உட்கார்.

திறந்த வெளிக்கென்றே உருவான அந்த நாதம் இயர்போனுக்குள் அடங்காது. அதனால் ஆனித் திருவிழாவுக்கு நெல்லையப்பர் கோயிலுக்குப் போ. இரவு நேரமானால் அம்மாவையும் வரச் சொல். புறப்பாட்டில் முதலில் வருவது அதற்கென்றே உள்ள மல்லாரி என்ற வாசிப்பு, ராகம் கம்பீர நாட்டை. தவில்காரர் வலது கை விரல்களில் கூடு மாட்டியிருப்பார், இடது கையில் குச்சி இருக்கும். அவருக்குப் பக்கத்திலேயே நட. வாசித்து ஓய்ந்ததும் நாகஸ்வரக்காரரிடம் அடுத்து வாசித்தது என்ன ராகம் என்று கூச்சப்படாமல் கேள். அவர்களிடம் யாரும் இப்போது அதைக் கேட்பதில்லை.