கவுண்டி வளர்ந்தால் மகளுக்கு வேலை கிடைத்துவிடுமா?

கேள்வி: என் மகள் பி.இ. (இ.சி.இ.) முடித்திருக்கிறாள். எம்.எஸ். படிக்க டெக்சாஸில் இரண்டு இடங்களில் அனுமதி வந்திருக்கிறது. ஒன்று யு.டி. டாலஸ் (டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகம்), இன்னொன்று காலேஜ் ஸ்டேஷனில் இருக்கும் டெக்சாஸ் ஏ அண்ட் எம். டாலஸ் அருகே ஃபிரிஸ்கோவில் குடியிருக்கும் என் மைத்துனர், "காலேஜ் ஸ்டேஷன் ஒதுக்குப்புறம். எங்கள் காலின் கவுண்டிதான் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) அசுர வேகத்தில் வளர்கிறது, கம்பெனியெல்லாம் இங்கேதான் வருகிறது" என்கிறார். மகள் தங்கவும் ஆயிற்று, முதலீடாகவும் ஆயிற்று என்று அங்கே ஒரு வீடு வாங்கிப் போடவும் சொல்கிறார். ஈரோட்டில் உள்ள காலிமனையை விற்றால் முன்பணம் தேறும். என்ன செய்யட்டும்? (ஒரு தந்தை, ஈரோடு)

பதில்: ஐயா, மனையை விற்க வேண்டாம். அதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் மைத்துனர் சொல்லும் வளர்ச்சி பொய்யில்லை. 2010 கணக்கெடுப்பில் காலின் கவுண்டியின் மக்கள்தொகை 7.82 லட்சம், 2020இல் 10.64 லட்சம். டொயோட்டா தன் வட அமெரிக்கத் தலைமையகத்தை கலிஃபோர்னியாவிலிருந்து அங்குள்ள பிளேனோவுக்கு 2017இல் மாற்றியது. டாலஸ் நகரின் நடுவில் இருக்கும் ஏ.டி. அண்ட் டி. தொலைத்தொடர்பு நிறுவனமும் பிளேனோவுக்குப் போவதாக 2026 தொடக்கத்தில் அறிவித்தது. ஆனால் ஒரு கவுண்டி வளர்கிறது என்பது நிலம் வைத்திருப்பவருக்குச் சொல்லும் சேதி வேறு, வேலை தேடும் 23 வயதுப் பெண்ணுக்குச் சொல்லும் சேதி வேறு. மைத்துனர் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டார்.

டெக்சாஸில் மொத்தம் 254 கவுண்டிகள். 2020 கணக்கெடுப்பில் 47 லட்சம் பேர் இருந்த ஹாரிஸும் ஒரு கவுண்டி. அதே கணக்கெடுப்பில் 64 பேர் மட்டுமே இருந்த லவிங்கும் ஒரு கவுண்டி. பெயரை வைத்து ஏமாறவும் இடமுண்டு. ஆஸ்டின் நகரம் பெரும்பாலும் டிராவிஸ் கவுண்டியில் இருக்கிறது. ஆஸ்டின் கவுண்டி என்பது கிழக்கே வேறெங்கோ. சாம்சங் சிப் ஆலை கட்டும் டெய்லர் ஊர் வில்லியம்சன் கவுண்டியில். ஓப்பன்ஏஐ, ஆரக்கிள் கூட்டுத் திட்டத்தின் மாபெரும் தரவு மையம் எழும் அபிலீன் ஊரோ டெய்லர் கவுண்டியில். இரண்டுக்கும் இடையே பல மணி நேரக் கார்ப் பயணம். செய்தியில் "டெய்லரில் பெரும் முதலீடு" என்று பார்த்துவிட்டு எந்த டெய்லர் என்று தெரியாமலே விண்ணப்பம் போடும் மாணவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து முதலீட்டுத் தொகை. பில்லியன் என்றதும் வேலைகள் கொட்டும் என்று நினைக்கிறோம். டொயோட்டா பிளேனோ வளாகத்துக்குச் செலவிட்டது சுமார் 1 பில்லியன் டாலர். அங்கு வேலை பார்ப்பவர்கள் சுமார் 4,000 பேர். ஒரு வேலைக்கு இரண்டரை லட்சம் டாலர். சாம்சங் 2021இல் டெய்லருக்கு அறிவித்தது 17 பில்லியன், சொன்ன நேரடி வேலை 2,000 சொச்சம். சிப் நிறுவனமான டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கிரேசன் கவுண்டியின் ஷெர்மனில் நான்கு ஆலைகளுக்கு 30 பில்லியன் வரை போடுவதாகச் சொன்னது. நேரடி வேலை சுமார் 3,000. அதாவது ஒரு வேலைக்கு 1 கோடி டாலர்! அதுவும் நான்கும் முடிந்தபிறகு. தரவு மையங்கள் இன்னும் மோசம். கட்டும்போது ஆயிரக்கணக்கில் எலக்ட்ரீஷியன்கள், வெல்டர்கள் தேவைப்படுவார்கள். கட்டி முடித்தபின் உள்ளே இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். எனவே தலைப்புச் செய்தியில் தொகையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, நிரந்தர வேலை எத்தனை, அதில் எம்.எஸ். படித்தவருக்கு எத்தனை என்று பாருங்கள்.

மக்கள்தொகை வளர்ச்சியையும் இப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். காலின் கவுண்டியிலேயே பிரின்ஸ்டன் என்றொரு ஊர். 2024 ஜூலையோடு முடிந்த ஓராண்டில் அமெரிக்காவிலேயே அதிவேகமாக வளர்ந்த நகரம் அதுதான், 30 சதவீதத்துக்கு மேல். தண்ணீரும் சாலையும் ஈடுகொடுக்காமல் 2024 செப்டம்பரில் நகர நிர்வாகமே புதிய குடியிருப்புகளுக்குத் தற்காலிகத் தடை போட்டது. அங்கே மக்கள் போனது வேலைக்காக அல்ல. கட்டுப்படியாகும் விலையில் வீடு கிடைத்ததால். காலையில் எழுந்து வேலைக்கு வேறு ஊருக்குத்தான் கார் ஓட்டுகிறார்கள்.

இன்னொரு விஷயம் பெற்றோர் யாரும் கேட்பதில்லை. டாரன்ட் கவுண்டியின் ஃபோர்ட் வொர்த்தில் லாக்ஹீட் மார்ட்டின் எஃப்-35 போர் விமானம் தயாரிக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் பொறியாளருக்குப் பொன்னான இடம். ஆனால் பாதுகாப்புத் துறை வேலைகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்களுக்கே. மாணவர் விசாவில் இருப்பவருக்கு அந்தக் கதவு திறக்காது. காலின் கவுண்டியிலும், மெக்கின்னியில் ரேதியான் என்ற பாதுகாப்புத் துறை நிறுவனம் இருக்கிறது. அதையும் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். "இந்தக் கவுண்டியில் இத்தனை ஆயிரம் பொறியாளர்கள்" என்று யாராவது புள்ளிவிவரம் காட்டினால், அதில் உங்கள் மகள் கைவைக்க முடியாத பங்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

இனி விசா. படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி. என்ற வேலை அனுமதி 12 மாதம், அறிவியல் தொழில்நுட்பப் படிப்பு என்பதால் இன்னும் 24 மாதம். முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. பிறகு எச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கல். 2026 முதல் இந்தக் குலுக்கலில் எல்லோரும் சமமில்லை. சம்பளத்தை நான்கு நிலைகளாகப் பிரித்து, முதல் நிலைக்கு ஒரு சீட்டு, நான்காம் நிலைக்கு நான்கு சீட்டு என்று போடுகிறார்கள். இங்கேதான் கவுண்டி உண்மையிலேயே முக்கியமாகிறது. எந்தச் சம்பளம் எந்த நிலை என்பது வேலை நடக்கும் பகுதியைப் பொறுத்தது. ஆஸ்டின் வட்டாரத்தில் முதல் நிலையில் நிற்கும் அதே சம்பளம், ஊதியம் குறைவான ஒரு சிறிய வட்டாரத்தில் இரண்டாம் நிலைக்குப் போகலாம். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் இணையதளத்தில் மாநிலம், கவுண்டி, வேலைப் பெயர் மூன்றையும் கொடுத்தால் நான்கு நிலைகளுக்கும் உரிய சம்பளம் வந்துவிடும். கட்டணமில்லை. வேலை கிடைத்த பிறகு தேடுவதைவிட இப்போதே உங்கள் மகள் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிடட்டும். புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு விதித்த 1 லட்சம் டாலர் கட்டணம் பற்றிய பயம் உங்களுக்கும் இருக்கும். இப்போதுள்ள விளக்கப்படி, அங்கேயே படித்து, நாட்டைவிட்டு வெளியேறாமல் மாணவர் விசாவிலிருந்து எச்-1பிக்கு மாறுபவர்களுக்கு அது பொருந்தாது. விதி மாறலாம், அதனால் கடனை அளவோடு வாங்குங்கள்.

கல்லூரிக்கு வருகிறேன். ஏ அண்ட் எம் இருக்கும் பிராசோஸ் கவுண்டியில் பெரிய கம்பெனிகள் குறைவு என்பது சரி. அதனால் என்ன? அங்கே பொறியியல் மாணவர்களே ஆண்டுதோறும் நடத்தும் வேலைவாய்ப்புக் கண்காட்சி அமெரிக்காவின் பெரிய கண்காட்சிகளில் ஒன்று. ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் கம்பெனிகள் அங்கே தேடி வருகின்றன. கல்லூரி இருக்கும் கவுண்டியும் வேலை கிடைக்கும் கவுண்டியும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

யு.டி. டாலஸைத் தேர்ந்தெடுக்கவும் நல்ல காரணம் உண்டு, மைத்துனர் சொன்ன காரணம்தான் சரியில்லை. 1958இல் பொறியாளர் ஜாக் கில்பி ஒருங்கிணைந்த மின்சுற்றை (இன்றைய சிப்பின் முன்னோடி) உருவாக்கியது டாலஸில், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில். அந்த நிறுவனத்தை நிறுவியவர்கள் 1961இல் தொடங்கிய ஆராய்ச்சி மையம்தான் 1969இல் யு.டி. டாலஸ் ஆனது. பல்கலைக்கழகம் இருக்கும் ரிச்சர்ட்சனிலேயே அந்த நிறுவனத்துக்கு ஆலை இருக்கிறது. அங்கிருந்து 75ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே போனால் பிளேனோ, மெக்கின்னி தாண்டி ஷெர்மன். மகள் சிப் துறையில்தான் போக வேண்டும் என்றால் அந்தச் சாலையை ஒட்டி இருப்பது லாபம்.

ஆனால் சிப் துறை என்றாலும் அதற்குள் இரண்டு உலகம். ஆலையில் வேலை என்றால் சிலிக்கன் வட்டுகள், வேதிப்பொருள், இயந்திரங்கள், பல இடங்களில் ஷிப்ட்; அது ஷெர்மன், டெய்லர் வகை. சுற்று வடிவமைப்பு, சரிபார்ப்பு என்றால் அலுவலக வேலை. அதற்கு ஆஸ்டினில் ஏ.எம்.டி., ஆப்பிள், என்.எக்ஸ்.பி., டாலஸில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ். எடுக்கும் பாடங்களே வேறு.

வீட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது என் துறை அல்ல. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை; அந்தக் குறையைச் சொத்து வரியில் ஈடுகட்டுகிறார்கள். புதிய புறநகர்களில் கவுண்டி, பள்ளி மாவட்டம், நகரம் எல்லாம் சேர்ந்து வீட்டு மதிப்பில் 2 சதவீதத்தைத் தொடுவது சாதாரணம். 4 லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 8,000 டாலர், நம் பணத்தில் 7 லட்சம் ரூபாய்க்கு மேல். கடன் முடிந்தாலும் இது முடியாது. பள்ளி வரியில் 1.40 லட்சம் டாலர் மதிப்புக்குத் தரும் விலக்கு, உரிமையாளர் தானே குடியிருக்கும் வீட்டுக்குத்தான். ஈரோட்டில் இருக்கும் உங்களுக்குக் கிடைக்காது. வீடு வாங்க இங்கிருந்து அனுப்பும் பணத்தில் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு 20 சதவீதம் வரி முன்கூட்டியே பிடிப்பார்கள்; கணக்குத் தாக்கலில் திரும்ப வந்தாலும் அதுவரை முடங்கிக் கிடக்கும். ஆஸ்டின் வட்டாரத்தில் வீட்டு விலை 2022இல் உச்சிக்குப் போய் இறங்கியது. ஒரேயடியாக அடுக்குமாடிகள் கட்டியதில் வாடகையும் இறங்கியது. வாங்கியவர்களுக்கு அது நஷ்டம், வாடகைக்கு இருக்கும் மாணவர்களுக்கு அது வரம். உங்கள் மகள் இரண்டாவது கூட்டத்தில் இருக்கட்டும். வேலை ஆஸ்டினிலோ அரிசோனாவிலோ கிடைத்தால் ஃபிரிஸ்கோ வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

மைத்துனரிடம் மனம் நோகாமல் சொல்லுங்கள். விமான நிலையத்தில் அழைத்துக்கொள்ளவும், முதல் வாரம் வீட்டில் தங்கவைக்கவும், ஓட்டுநர் உரிமத்துக்குக் கார் ஓட்டப் பழக்கவும் அவர் உதவினால் அதுவே பெரிய பலம். 2025 அக்டோபரில் யு.டி. டாலஸ் வளாகத்தை ஒட்டியே ரயில் நிலையம் திறந்துவிட்டார்கள், எனவே முதல் நாளிலிருந்தே கார் என்ற கட்டாயம் அங்கே குறைவு.

இந்த வாரமே இரு பல்கலைக்கழகங்களின் துறை அலுவலகத்துக்கும் மகள் மின்னஞ்சல் அனுப்பட்டும். கடந்த இரண்டு ஆண்டுகளில் எம்.எஸ். முடித்த வெளிநாட்டு மாணவர்கள் எந்த நிறுவனங்களில் சேர்ந்தார்கள், கோடையில் இன்டர்ன்ஷிப் கிடைத்தவர்கள் எத்தனை பேர், உதவித்தொகையுடன் ஆய்வக வேலை உண்டா என்று கேட்கட்டும். பதில் வந்ததும் எனக்கு அவரே எழுதட்டும். உங்கள் கடிதத்தில் மைத்துனருக்கு என்ன பிடிக்கும் என்று தெரிகிறது. மகளுக்குச் சுற்று வடிவமைப்பு பிடிக்குமா, ஆலை பிடிக்குமா, இரண்டும் இல்லையா என்று ஒரு வரிகூட இல்லை.